அண்டாவும் கரண்டியும்: அதிக ஒளி தரும் டார்ச் விளக்குக்கு எந்த மின்கலம்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் சதுப்புநிலக் காட்டுக்குள் போகும் பலகைப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். அக்காள் மகன் புதிதாக வாங்கிய டார்ச் விளக்கைக் கையில் பிடித்திருந்தான். 3,000 லூமென் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த விளக்கு. உச்ச ஒளிக்கு ஏற்றினான். சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேர்கள் ஒவ்வொன்றும் பகலில் பார்ப்பதுபோலத் தெரிந்தன. நான்கைந்து நொடிதான். ஒளி மங்கியது, இரண்டு முறை துடித்தது, அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினான், மறுபடியும் அதே கதை.

"விளக்கு கெட்டுவிட்டதா மாமா? மின்கலம் புதியதுதான். 9,900 என்று போட்டிருக்கிறது" என்றான்.

என் விளக்கிலிருந்த மின்கலத்தைக் கழற்றி அவனுடையதில் போட்டுக் கொடுத்தேன். அதன் மேலுறையில் இருந்த எண் 3,000. விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. விளக்கில் எந்தக் குறையும் இல்லை.

3,000 என்று போட்ட மின்கலம் செய்த வேலையை 9,900 என்று போட்டது ஏன் செய்யவில்லை? அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். பதில் இரண்டு பகுதி. முதலாவது, அந்த 9,900 பொய். இரண்டாவது, அது உண்மையாகவே இருந்தாலும் விளக்கு கேட்கும் கேள்விக்கு அந்த எண் பதில் அல்ல. இரண்டாவது பகுதியைப் புரிந்துகொண்டால் முதலாவது தானாகவே விளங்கிவிடும்.

அண்டா ஒன்று, கரண்டி வேறு

கோயில் அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். அண்டா நிறையச் சாம்பார் இருக்கிறது. ஆயிரம் பேருக்குப் போதும். ஆனால் பரிமாறுகிறவர் கையில் இருப்பது ஒரு தேக்கரண்டி. வரிசை நகருமா? அண்டாவில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரு நேரத்தில் எவ்வளவு அள்ளிக் கொடுக்க முடியும் என்பது வேறு கணக்கு.

மின்கலத்தின் மேல் பெரிதாக அச்சிடும் மில்லி ஆம்பியர் மணி என்பது அண்டா. 3,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறக்குறைய மூன்று மணி நேரம் தரலாம். கரண்டியின் அளவை ஆம்பியரில் சொல்வார்கள்: சூடேறிக் கெடாமல் அந்த மின்கலம் தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டம். கடிகாரத்துக்கும் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் தேக்கரண்டியே அதிகம். அதிக ஒளி தரும் டார்ச் விளக்கோ ஒரே நேரத்தில் நூறு இலை போட்டு உட்கார்ந்துவிட்ட பந்தி. கடைக்காரரும் விளம்பரமும் அண்டாவைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் கரண்டியைக் கேளுங்கள்.

எவ்வளவு பெரிய கரண்டி வேண்டும்? ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். லூமென் என்பது விளக்கு வெளியிடும் ஒளியின் மொத்த அளவு. எல்இடி விளக்குகள் உச்ச ஒளியில் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருவதாக வைத்துக்கொள்வோம். விளக்குக்கு விளக்கு இது மாறும். தோராயக் கணக்குக்கு இது போதும். 3,000 லூமெனுக்கு 30 வாட். லித்தியம் அயனி மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். 30ஐ 3.6ஆல் வகுத்தால் 8.3 ஆம்பியர். விளக்குக்குள் இருக்கும் சுற்றில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கைக்குள் அடங்கும் ஒரு பொருளிலிருந்து 10 ஆம்பியர் என்பது சிறிய எண் அல்ல. கடையில் வாங்கும் சாதாரண ஏஏ அல்கலைன் மின்கலத்தில் 2 ஆம்பியர் இழுத்தாலே அது திணறும். அதன் மின்னழுத்தம் மடமடவென்று விழுந்துவிடும். அதிக ஒளி தரும் விளக்குகள் லித்தியம் அயனி மின்கலத்தைக் கேட்பதற்கு இதுதான் காரணம். 1991இல் சோனி நிறுவனம் அவற்றை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் துடித்து அணைந்தது

ஒவ்வொரு மின்கலத்துக்கும் உள்ளுக்குள் ஒரு மின்தடை உண்டு. மின்னோட்டம் வெளியே வருவதற்கு முன் அந்தத் தடைக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். இத்தகைய விளக்குகளில் பரவலாகப் போடும் உருளை மின்கலத்தின் அளவுக்கு 18650 என்று பெயர். நல்ல 18650 மின்கலத்தின் உள்மின்தடை 0.02 ஓம் அளவில் இருக்கும். 10 ஆம்பியர் இழுத்தால் 0.2 வோல்ட் குறையும், 4.2 வோல்ட் 4.0 ஆகும். விளக்குக்கு அது பொருட்டே அல்ல. மட்டமான மின்கலத்தில் உள்மின்தடை 0.1 ஓம் என்றால், அதே 10 ஆம்பியருக்கு ஒரு முழு வோல்ட் காணாமற்போகிறது. 4.1இல் இருந்தது பொத்தானை அழுத்திய கணத்தில் 3.1க்கு விழும். வெள்ளை எல்இடி எரிவதற்கே 3 வோல்ட் அளவில் வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால், மின்கலம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து விளக்கின் சுற்று ஒளியைக் குறைக்கிறது அல்லது அணைத்துவிடுகிறது. அணைத்ததும் சுமை இல்லை. மின்னழுத்தம் பழையபடி மேலே ஏறுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி ஒரு நொடி எரிகிறது. பலகைப் பாதையில் நாங்கள் பார்த்த துடிப்பு இதுதான்.

காணாமற்போன அந்த ஒரு வோல்ட் எங்கே போகிறது? மின்கலத்துக்குள்ளேயே சூடாகிறது. 10 ஆம்பியருக்கு ஒரு வோல்ட் என்றால் 10 வாட் வெப்பம், மூடிய உலோகக் குழாய்க்குள். மட்டமான மின்கலத்தை நான் வெறும் பண இழப்பாகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

வீட்டில் மின்னழுத்தமானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சும்மா கிடக்கும் மின்கலத்தை அளந்தால் மட்டமானதும் 4.1 வோல்ட் என்று காட்டும், நல்லதும் 4.1 என்று காட்டும். வேலை கொடுத்தால்தான் வேறுபாடு தெரியும்.

சில விளக்குகள் மின்கலம் இறங்க இறங்க ஒளியும் மெல்லக் குறையும்படி அமைந்தவை. வேறு சில, ஒளியைக் கடைசிவரை ஒரே அளவில் வைத்திருக்கும். இந்த இரண்டாவது வகைக்கு மின்கலம் இன்னும் தரமாக இருக்க வேண்டும். 30 வாட் வேண்டும் என்றால் 4.1 வோல்ட்டில் 7.3 ஆம்பியர் இழுத்தால் போதும், 3.2 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் 9.4 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். மின்கலம் களைத்துப்போன நேரத்தில்தான் அதன்மேல் அதிகச் சுமை ஏறுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். உச்ச ஒளியில் ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ கழித்து விளக்கு தானாகவே மெல்ல ஒளியைக் குறைத்துக்கொண்டால் அது மின்கலத்தின் குற்றம் அல்ல. உடல் சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ளும்படி விளக்கை வடிவமைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இரவிலும் காற்று வெதுவெதுப்பாகவே இருப்பதால், குளிர்நாட்டில் சோதித்து எழுதிய நேரத்தைவிட இங்கே முன்னதாகவே ஒளி குறையும். அதற்காகப் புது மின்கலம் வாங்கிப் பயனில்லை.

சுருட்டிய பாய்

அண்டாவும் பெரிதாக, கரண்டியும் பெரிதாக ஒரு மின்கலம் செய்யக் கூடாதா? ஓரளவுக்குத்தான் முடியும். உருளை வடிவ மின்கலத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருப்பது ஒரு சுருட்டிய பாய். மெல்லிய செப்புத் தகடு ஒன்று, அதன்மேல் கிராஃபைட் பூச்சு. மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று, அதன்மேல் நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூச்சு. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் ஒரு மெல்லிய ஏடு. எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி ஓர் உலோகக் குப்பிக்குள் செருகியிருக்கிறார்கள்.

பூச்சைத் தடிமனாக்கினால் லித்தியம் அதிகம் தங்கும், அண்டா பெரிதாகும். ஆனால் லித்தியம் அயனிகள் அந்தத் தடித்த பூச்சின் அடிவரை போய்வர நேரம் பிடிக்கும். பாயும் தடித்துவிடுவதால் குப்பிக்குள் அடங்கும் நீளம் குறையும். கரண்டி சிறுத்துவிடும். பூச்சை மெல்லியதாக்கினால் நீளமான பாயைச் சுருட்டி வைக்கலாம். பரப்பு கூடும், அயனிகள் விரைவாகப் போய்வரும், கரண்டி பெருக்கும். ஆனால் குப்பியின் இடத்தில் பெரும்பகுதியைத் தகடுகளே பிடித்துக்கொள்வதால் அண்டா சிறுக்கும். அளவு மாறாத குப்பிக்குள் இந்த இழுபறியிலிருந்து யாரும் தப்ப முடியாது.

சந்தையில் உள்ள மின்கலங்களில் இது அப்படியே தெரியும். பானசோனிக் என்சிஆர்18650பி சுமார் 3,400 மில்லி ஆம்பியர் மணி கொண்டது. ஐந்தாறு ஆம்பியருக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. சாம்சங் 30கியூ 3,000 கொண்டது. 15 ஆம்பியர் தரும். மோலிசெல் பி26ஏ 2,600தான். ஆனால் 35 ஆம்பியர் தரும். இவை மூன்றும் 18650 அளவு. அதைவிடச் சற்றுப் பெரிய 21700 அளவில், சாம்சங் 50ஈ 5,000 கொண்டது, ஏறக்குறைய 10 ஆம்பியர். மோலிசெல் பி42ஏ 4,200 கொண்டது, 45 ஆம்பியர்.

45 ஆம்பியர் என்றதும் அதுதான் சிறந்தது என்று தாவ வேண்டாம். கையில் பிடிக்கும் விளக்குகளில் பெரும்பாலானவை அவ்வளவு கேட்பதில்லை. அந்த எண்ணிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதுதான். நான் பின்பற்றும் கணக்கு இது: விளக்கு உச்சத்தில் எவ்வளவு ஆம்பியர் இழுக்குமோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தரக்கூடிய மின்கலங்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன், அவற்றுக்குள் அண்டா பெரிதாக இருப்பதை வாங்குகிறேன். 10 ஆம்பியர் விளக்குக்கு 15 ஆம்பியர் மின்கலம். விளக்கை எப்போதும் 300, 500 லூமெனில் மட்டும் எரிப்பவராக இருந்தால் அண்டா பெரிதான வகையே அவருக்கு நல்லது. 500 லூமெனுக்கு 5 வாட்தான். 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 21700 மின்கலத்தில் 18 வாட் மணி இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். புலாவ் உபினில் இரவு தங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குதான் உதவும், உச்ச ஒளிக் கணக்கு அல்ல. அந்தத் தீவு நம் மின்கட்டமைப்போடு இணைந்ததும் அல்ல. இருட்டு அங்கே உண்மையான இருட்டு.

மேலுறையில் தொடர் மின்னோட்டம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "உச்ச மின்னோட்டம்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது சில நொடிகளுக்கான எண்ணாக இருக்கலாம். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் தொடர் மின்னோட்டம் தனியாக இருக்கும்.

எண்களின் பொருள்

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசியில் உள்ள சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. 21700 என்றால் 21க்கு 70. 26650 என்றால் 26க்கு 65. எந்த அளவு வேண்டும் என்பதை விளக்கின் குழாய் முடிவு செய்துவிடுகிறது. நமக்கு அதில் தேர்வு இல்லை.

உருவம் ஒத்துப்போவதால் மட்டும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டுவிடாதீர்கள். 14500 மின்கலம் ஏஏ அளவில்தான் இருக்கும், ஏஏயின் 1.5 வோல்ட் எங்கே, இதன் 4.2 வோல்ட் எங்கே! ஏஏக்கு என்றே செய்த விளக்கில் போட்டால் விளக்கு கருகிவிடலாம். சில விளக்குகள் இரண்டையும் ஏற்கும். அப்படிக் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் போடலாம்.

இனி அந்த 9,900க்கு வருவோம். பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் செய்யும் 18650 மின்கலங்கள் பெரும்பாலும் 3,500ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. அண்மையில் வந்த ஒன்றிரண்டு 4,000ஐத் தொட்டிருக்கின்றன. அந்தக் குப்பிக்குள் 9,900ஐ அடைக்கும் வித்தை இன்று யாரிடமும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காள் சமையலறையில் மாவு நிறுக்கும் தராசை எடுத்து வைத்தேன். என் மின்கலம் 46 கிராம். அவனுடையது 31 கிராம். நல்ல 18650 மின்கலம் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். சுருட்டிய பாய் குறைவாக இருந்தால் எடையும் குறையும். பிறகு என் மின்னூட்டியில் போட்டு, முழுதாக நிரப்பி, மெல்ல இறக்கி அளந்தேன். 1,100ஐத் தாண்டவில்லை. அவன் நெடுநேரம் அந்தச் சிறு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் சேமிப்பிலிருந்து வாங்கியிருக்கிறான். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பாதுகாப்புச் சுற்று உண்டா, இல்லையா

லித்தியம் அயனி மின்கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது, நேர்முனையையும் எதிர்முனையையும் நேரடியாக இணைத்துவிடக் கூடாது. இந்த மூன்றையும் கண்காணித்துத் துண்டித்துவிடும் சிறிய சுற்று ஒன்றைச் சில மின்கலங்களின் அடியில் வைத்திருப்பார்கள். அதனால் அவை 65 மில்லிமீட்டருக்குப் பதில் 68, 70 மில்லிமீட்டர் வரை நீண்டுவிடும். சில விளக்குகளில் அவை அடங்காது. திருகி மூடினால் நசுங்கும்.

முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை தெளிவானது. விளக்கைத் தயாரித்தவரே அந்த விளக்குக்கு என்று விற்கும், பாதுகாப்புச் சுற்று உள்ள மின்கலத்தை வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். நீளம், மின்னோட்டம், முனையின் வடிவம் எல்லாம் பொருந்தியிருக்கும். சில விளக்குகளில் மின்கலத்தின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் இருக்கும்படி செய்திருப்பார்கள். அவற்றில் வேறு மின்கலத்தைப் போட்டால் எரியாமலே போகலாம். பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறும் மின்கலங்களை, அவற்றைச் செய்யும் நிறுவனங்கள் மடிக்கணினி, மின்கருவிகள் போன்றவற்றின் மின்கலத் தொகுப்புக்காகவே செய்கின்றன. அப்படித் தனியாக விற்கப்படும் 18650 மின்கலங்களைப் பற்றி 2021 ஜனவரியில் அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கையே விடுத்தது.

மின்கலத்தின் தலையையும் பாருங்கள். நேர்முனை சில மின்கலங்களில் தட்டையாக இருக்கும், சிலவற்றில் பொத்தான்போல மேலெழும்பி இருக்கும். தலைகீழாகப் போட்டுவிடாமல் இருக்கச் சில விளக்குகளில் தொடுமுனையைச் சுற்றி ஒரு வளையம் வைத்திருப்பார்கள். தட்டைத் தலை அதற்குள் எட்டாது.

ஒரு மின்கலத்தை இப்போது கையில் எடுத்து விளக்கொளியில் தலைப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் நேர்முனை. அதைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு வெள்ளைக் காகித வளையம். அதற்கும் வெளியே, மேலுறை மடிந்து முடியும் விளிம்பு. அந்த மேலுறைக்கு அடியில் இருக்கும் உலோகக் குப்பி முழுவதும் எதிர்முனை. கீழே மட்டும்தான் எதிர்முனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தலையின் விளிம்புவரை அதுதான் சுற்றி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு காகித வளையம், தாளைப்போன்ற ஒரு மேலுறை. இவ்வளவுதான். மேலுறையில் நகத்தால் கீறிய அளவுக்குக் கிழிசல் இருந்தாலும் அந்த மின்கலத்தை விளக்கில் போடாதீர்கள். மேலுறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சில காசுகள்தான் ஆகும். கால்சட்டைப் பையில் சாவிக்கொத்துடனும் சில்லறையுடனும் மின்கலத்தைப் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஒரு சாவியின் முனை அந்த இடைவெளியில் பட்டால் போதும். நூறு ஆம்பியரைத் தொடும் மின்னோட்டம் தொடையோரம் பாயும். பிளாஸ்டிக் பெட்டி ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கிறது.

இரண்டு, மூன்று மின்கலங்கள் போடும் விளக்கு என்றால் எல்லாம் ஒரே வகையாக, ஒன்றாக வாங்கி ஒன்றாகப் பழகியவையாக இருக்கட்டும். தொடராக இணைத்ததில் ஒன்று முன்னதாகத் தீர்ந்துவிட்டால் மற்றவை அதைத் தலைகீழாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் தொடக்கநிலையில் ஒற்றை மின்கல விளக்கையே நான் சொல்லுவேன்.

மின்னேற்றம்

சரியான மின்னூட்டி முதலில் மாறாத மின்னோட்டத்தில் ஏற்றி, 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தை மெல்லக் குறைத்து நிறுத்தும். 18650க்கு ஒரு ஆம்பியர் நிதானமானது. நான்கு மணி நேரத்தில் நிரம்பும். சுவரில் செருகும் மின்மாற்றியில் நம் ஊரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எங்கே வைத்து ஏற்றுவது என்பதையும் யோசிக்க வேண்டும். மெத்தையிலும் சோபாவிலும் வேண்டாம். வாசற்கதவை ஒட்டியும் வேண்டாம். ஏதாவது நடந்தால் வெளியேறும் வழியே அதுதான். ஓடு பதித்த தரையோ சமையல் மேடையோ நல்லது, பக்கத்தில் துணியும் தாளும் இல்லாமல். வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். மின்கலம் கை தாங்காத அளவுக்குச் சூடானாலோ, வீங்கினாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ அதை இனிப் பயன்படுத்தக் கூடாது.

மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் முழுதாக நிரப்பி வைக்காமல் பாதியளவில், 3.7 வோல்ட் அருகில் வைத்துவிடுங்கள். நிரம்பிய நிலையும் வெப்பமும் சேர்ந்தால் மின்கலம் விரைவில் முதுமையடையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை. அதேபோல, அடியோடு தீர்ந்து 2 வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்த மின்கலத்தை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே செப்புத் தகடு கரைந்து, மறுபடி ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து, உட்புறமாகவே இரு முனைகளையும் இணைத்துவிடக்கூடும்.

அவசரத் தேவைக்காக அலமாரியில் வைக்கும் விளக்குக்கு இவை எதுவும் வேண்டாம். ஏஏ மின்கலம் போடும் சிறு விளக்கு, மறுமின்னேற்றம் செய்யாத லித்தியம் ஏஏ மின்கலங்கள். அவை பத்தாண்டுக்கு மேல் சும்மா கிடந்தாலும் தாங்கும். அல்கலைன் மின்கலத்தைப் போட்டு மறந்துவிட்டால் கசிந்து, வெள்ளையாகப் பூத்து, விளக்கின் சுருள்வில்லையே தின்றுவிடும்.

எங்கே வாங்குவது, எங்கே போடுவது

வெளிநாட்டினர் எழுதும் குறிப்புகளில் மின்சிகரெட் கடையில் நல்ல மின்கலம் கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். அவற்றுக்கும் அதிக மின்னோட்டம் தரும் 18650 வேண்டும் என்பதால் அங்கே அந்தக் கடைகளில் விற்கிறார்கள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். அப்படிப்பட்ட கடைக்கு இங்கே இடமில்லை. விளக்குகளை விற்கும் கடையிலேயே மின்கலத்தையும் கேட்டு வாங்குவது நேர்வழி. மின்னழுத்தமானி, மின்கலப் பெட்டி போன்றவற்றுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் இருக்கிறது. இணையத்தில் வாங்கினால் மின்கலத்தின் முழுப் பெயர், தயாரிப்பாளர், தொடர் மின்னோட்டம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

விமானத்தில் போகும்போது உதிரி மின்கலங்களைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கில் ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் மணிக்கு உட்பட்டவை அனுமதிக்கப்படும். 18650இல் 10.8 வாட் மணி, 21700இல் 18 வாட் மணி அளவில்தான் இருக்கிறது என்பதால் அளவில் சிக்கல் இல்லை. முனைகள் எதிலும் படாமல் பெட்டிக்குள் இருக்க வேண்டும். எத்தனை எடுத்துச் செல்லலாம் என்பதை அந்தந்த விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காள் மகனுக்கு 15 ஆம்பியர் தரும் 3,000 மின்கலம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி பாசிர் ரிஸ் போனோம். உச்ச ஒளியை ஒரு முறை மட்டும் போட்டுப் பார்த்தான், அதுவும் ஆளில்லாத கடற்கரைப் பக்கம் திருப்பி. காட்டுக்குள் 100 லூமெனுக்கு இறக்கிக்கொண்டான்; மரக்கிளையில் ஆந்தை உட்கார்ந்திருந்தபோது ஒளியைத் தரைக்குத் திருப்பிவிட்டு, சிதறிய வெளிச்சத்திலேயே பார்த்தான். 3,000 லூமெனை அதன் கண்ணில் அடித்தால் அது நெடுநேரம் இருட்டில் தடுமாறும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பழைய 9,900ஐக் குப்பைக் குழாயில் போட்டுவிடலாமா என்று கேட்டான். கூடாது, நசுங்கும் இடத்தில் அது தீப்பிடிக்கும். 2021 ஜூலை முதல் நம் ஊரில் மின்கழிவுகளைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் ஏற்கும் முறை நடப்பில் இருக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கான பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். எதை ஏற்கும் என்பது பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். மின்கலத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, இரு முனைகளிலும் ஒட்டுநாடாவைச் சுற்றி ஒட்டினான். பெட்டியின் மேல் எழுதியிருந்ததை ஒரு முறை படித்துவிட்டு உள்ளே போட்டான்.